சக்கரம் நேராகத்தான் இருக்கிறது, ஜீப் ஏன் அலைகிறது?

ஒடுகத்தூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. நிலத்துக்கும் பீஞ்சமந்தை மலைக்கும் போய்வர மஹிந்திரா எம்எம் 540 ஜீப் வைத்திருக்கிறார். முன்னும் பின்னும் 2 அங்குலம் நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) போட்டு வண்டியை உயர்த்தி, 31 அங்குல டயர் மாட்டியிருக்கிறார். அதற்கப்புறம் வேகம் 60ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் இப்படியும் அப்படியும் அலைகிறதாம். வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வருவதில்லை. முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் தேய்கிறது. இரண்டு கடைகளில் வீல் அலைன்மெண்ட் செய்தாகிவிட்டது. இரண்டிலும் கணினித் திரையில் எல்லாம் பச்சை. கூடவே, தன் மச்சானின் 2014 மஹிந்திரா தாருக்கும் இதே வைத்தியம் செல்லுமா என்றும் கேட்கிறார்.

தம்பி, நான் ஜீப் வேலை கற்றுக்கொண்டது ராணிப்பேட்டையில் ஒரு பாயிடம். வண்டி சரியில்லை என்று யார் வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி: "இஸ்துக்கினு போவுதா, இல்ல அலையுதா? அத்த மொதல்ல சொல்லு." இழுப்பது வேறு, அலைவது வேறு. ஒரே பக்கமாக இழுத்தால் டயர், பிரேக், ஹவுசிங் (இரு சக்கரத்தையும் தாங்கும் இரும்பு அச்சுக்கூடு) நகர்ந்திருப்பது என்று தேட வேண்டும். எந்தப் பக்கமும் நிலையாக இல்லாமல் அலைந்தால் ஒன்று எங்கோ ஆட்டம் இருக்கிறது, இல்லையென்றால் கேஸ்டர் போய்விட்டது. உங்களுடையது அலைச்சல். அதோடு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே போதும், கேஸ்டர்தான் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

கேஸ்டர் என்றால் என்ன என்று கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் சின்னச் சக்கரம் தண்டுக்கு நேர் கீழே இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். தள்ளத் தொடங்கியதும் சக்கரம் தண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, யாரும் பிடிக்காமலே நேராக ஓடும். ஜீப்பில் அதையே வேறு வகையில் செய்திருக்கிறார்கள். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின் கோட்டின் தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். அதனால் டயர் எப்போதும் பின்னால் இழுபட்டு வரும், தானாக நேராகும். உங்கள் 31 அங்குல டயரில் 3 டிகிரி சாய்வுக்கு இந்த இடைவெளி வெறும் 2 சென்டிமீட்டர்தான். அந்த 2 சென்டிமீட்டரை நம்பித்தான் நீங்கள் நெடுஞ்சாலையில் 80ல் போகிறீர்கள்.

சரி, அது எங்கே போனது? நீங்கள் அனுப்பிய படத்தில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில், பம்பருக்குப் பக்கத்தில் தெரிகிறது. பின்முனை சேசிஸில் நிலையாக மாட்டியிருக்கிறது. ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் பட்டையின் முன்முனை மட்டும் சேசிஸை விட்டு 5 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது, பின்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பட்டை மொத்தமும் மூக்கைக் கீழே குத்துகிறது. அதோடு சேர்ந்து ஹவுசிங்கும் முன்பக்கம் சுழல, கிங்பின்னின் தலை முன்னால் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டை கண்ணுக்குக் கண் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 90க்கு 5 என்பது 3 டிகிரிக்குச் சற்று மேல். மஹிந்திரா ஜீப்புகளுக்கு மூலமான வில்லிஸ் சிஜே-3பியின் கையேட்டில் கேஸ்டர் 3 டிகிரி. அதாவது கம்பெனி கொடுத்ததை மொத்தமாக ஷேக்கிள் விழுங்கிவிட்டது. இதில் வேடிக்கை, பட்டையின் ஒரு முனைதான் 5 சென்டிமீட்டர் இறங்கியது, ஹவுசிங் இருப்பதோ நடுவில். ஆகவே வண்டி உயர்ந்தது அதில் பாதி, ஓர் அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு முழுக் கேஸ்டரையும் விலையாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

திரையில் பச்சை வந்ததற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான கடைகளில் முன்சக்கரத்தின் டோவை மட்டும்தான் திருத்துகிறார்கள் (இரு சக்கரமும் முன்பக்கம் சற்று உள்ளே பார்த்தால் டோ-இன், வெளியே பார்த்தால் டோ-அவுட்). கேஸ்டரை அளக்க வேண்டுமானால் சக்கரத்தைச் சுழல்தட்டின்மேல் நிறுத்தி, இடப்பக்கமும் வலப்பக்கமும் குறிப்பிட்ட கோணம் திருப்பிக் காட்ட வேண்டும். அவசரத்தில் அந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். இன்னொன்று, பழைய ஜீப்பின் பெயர் அந்தக் கணினிப் பட்டியலில் இல்லையென்றால் கிட்டத்தட்ட இருக்கும் வேறொரு வண்டியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அந்த வண்டிக்குப் பச்சை என்பது உங்கள் வண்டிக்குப் பச்சை ஆகாது. அடுத்த முறை போனால், "கேஸ்டர் இடம், வலம் எவ்வளவு என்று அச்சடித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எண்ணைக் காட்டாமல் "ஓகே சார்" என்று மட்டும் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆனால் கேஸ்டரைத் திருத்தும் ஆப்பு வாங்க இன்றே ஓடாதீர்கள். மொதல்ல ஆட்டம் பார்க்க வேண்டும். தேய்ந்த வண்டியில் அலைன்மெண்ட் செய்வது, கால் ஆடும் மேசையில் ரசமட்டம் வைப்பது மாதிரி.

முன் ஹவுசிங்கை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங்பின் பேரிங்காகவும் இருக்கலாம். பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின். அப்புறம் சக்கரத்தை இடவலமாகப் பிடித்து ஆட்டுங்கள், இரு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராட்டின் எண்ட் தேய்ந்திருந்தால் இதில் தெரியும். அதைக் கண்ணால் பார்ப்பதைவிட, மூட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு வேறொருவரை ஆட்டச் சொல்வது நல்லது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கி, இன்ஜின் நின்றிருக்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இடவலமாக அசைக்க, நீங்கள் கீழே படுத்து எது எதற்குப் பின் அசைகிறது என்று வரிசையாகப் பாருங்கள். பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் துண்டு), டை ராட், அடுத்த நக்கிள். சங்கிலியில் எந்தக் கண்ணி தாமதிக்கிறதோ அதுதான் ஆள். ஸ்டீயரிங் பாக்ஸே அசைந்தால் அதன் போல்ட்டையும் சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பட்டையை ஹவுசிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டையும் சென்டர் போல்ட்டையும் பார்க்காமல் விடாதீர்கள். இதில் நான் ஒரு பாடம் வாங்கியிருக்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிய என் பழைய ஜீப் திடீரென்று இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பெயர் வேண்டாம், ஒரு கடையில் இரண்டு தடவை டோ திருத்தினார்கள். டோ சரியாகத்தான் இருந்தது, ஜீப்பும் சரியாக இடப்பக்கமே போனது. கடைசியில் பாயிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கயிற்றை எடுத்தார். இடப்பக்க முன் ஹவுசிங்கிலிருந்து பின் ஹவுசிங்வரை பிடித்து ஒரு முடிச்சு. அதே கயிற்றை வலப்பக்கம் பிடித்தார். ஒரு விரற்கடை வித்தியாசம். இடப்பக்கச் சென்டர் போல்ட் உடைந்து ஹவுசிங் அந்தப் பக்கம் மட்டும் பின்னால் நழுவியிருந்தது. வீல்பேஸ் குறைந்த பக்கம்தான் வண்டி போகும். எந்த இயந்திரமும் வேண்டாம், ஒரு கயிறு போதும். இந்த அளவை நீங்களும் எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

டயரில் காற்றும் இதே வரிசையில்தான் வருகிறது. பாலாற்று மணலுக்கும் மலைக்கல்லுக்கும் 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு, அப்படியே நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அகலமான டயர், குறைந்த காற்று, வண்டி கொழகொழவென்று போகத்தான் செய்யும். வேலூர் வெயிலில் ஓடிய டயரில் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதுதான் கணக்கு. வெளி ஓரத் தேய்மானத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். உள்ளங்கையை டயரின்மேல் குறுக்காகத் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே தடவும்போது ரம்பப்பல் மாதிரி தடுக்கி, வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழுக்கினால் டோ-இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். எந்தப் பக்கமும் தடுக்காமல் தோள் மட்டும் உருண்டையாகத் தேய்ந்திருந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் காற்றுக் குறைந்த டயரை மடக்கி ஓட்டியதன் விளைவு. இது தோராயமான சோதனைதான். ஆனால் எந்தக் கடைக்கும் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஆட்டமெல்லாம் சரி என்றான பிறகு கேஸ்டருக்கு வருவோம். முதலில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். நிலத்தில் நெல் அடிக்கும் சிமெண்ட் களம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வண்டியை நேராக நிறுத்தி, நாலு சக்கரத்தின் கீழும் தரை மட்டமா என்று நீண்ட கட்டையின்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டமில்லாத பக்கத்துக்கு மெல்லிய பலகை கொடுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது, நக்கிளின் தலையிலுள்ள கிங்பின் மூடியைத் துடைத்துச் சுத்தமாக்கி, அதன்மேல் கோணம் காட்டும் செல்போன் ஆப்பையோ டிஜிட்டல் கோணமானியையோ முன்பின்னாக வையுங்கள். மூடி கிங்பின்னுக்குச் செங்குத்தாக அமைந்தது, ஆகவே மூடியின் சாய்வே கேஸ்டர். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் நல்ல கேஸ்டர். மட்டமாகவோ முன்பக்கம் தாழ்ந்தோ இருந்தால் உங்கள் நோய் உறுதி. இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹவுசிங் முறுக்கிக்கொண்டிருக்கலாம் அல்லது ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கலாம்.

வைத்தியம் இரண்டு. ஒன்று ஆப்பு. பட்டைக்கும் ஹவுசிங்கின் மேடைக்கும் நடுவே சாய்வான இரும்புத் தகடு கொடுத்து ஹவுசிங்கைப் பின்னால் சாய்ப்பது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தலைகீழாக மாட்டுகிறார்கள், காரணம் தடித்த பக்கம் எங்கே வரவேண்டும் என்பது பட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால். பட்டை ஹவுசிங்குக்குக் கீழே இருந்தால் தடித்த பக்கம் முன்னால். "எப்பவும் தடிப்பு பின்னாலதான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் ஒரே வகை வண்டியைத்தான் பார்த்திருக்கிறார். அலுமினிய ஆப்பு வேண்டாம், கல்லிலும் குழியிலும் அடிபட்டு நசுங்கி வெளியே வந்துவிடும். இரும்பில் வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே டிகிரி. ஆப்பு ஏறிய அளவுக்குச் சென்டர் போல்ட்டும் நீளமாக வேண்டும், தலை மேடையின் குழியில் முழுதாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் மேலே சொன்ன என் கதைதான் உங்களுக்கும்.

ஆப்புக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கிங்பின் பின்னால் சாயும்போது டிஃபரென்ஷியலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் பினியன் மூக்கு கீழே இறங்குகிறது. வண்டி உயர்ந்ததால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் ஏற்கெனவே கூடியிருக்கிறது, இது இன்னும் கூட்டும். ஃபோர் வீல் போடும்போது கொரகொரப்பும் யூ ஜாயிண்ட் சீக்கிரம் போவதும் இதனால்தான். ஆகவே 3 டிகிரியில் நின்றுகொள்ளுங்கள், அதிகபட்சம் 4. கேஸ்டர் கூடக்கூட ஸ்டீயரிங்கும் கனக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாமல் 31 அங்குல டயரைப் பீஞ்சமந்தை வளைவில் திருப்புவது எப்படி இருக்கும் என்று உங்கள் தோளுக்குத் தெரியும்.

இரண்டாவது வைத்தியம்தான் என் கட்சி. நீள ஷேக்கிளைக் கழற்றிப் பரண்மேல் போடுங்கள். பழைய ஷேக்கிளை மாட்டுங்கள். உயரம் வேண்டுமென்றால் பட்டைக்கு வளைவு ஏற்றுங்கள் அல்லது வளைவு அதிகமுள்ள புதுப் பட்டை போடுங்கள். அப்போது இரு முனையும் சமமாக இறங்கும், கேஸ்டர் ஏறத்தாழ இருந்தபடி இருக்கும். நீள ஷேக்கிள் வண்டியைப் பக்கவாட்டிலும் ஆடவிடும், அந்தத் தொல்லையும் போகும். செலவு கூடத்தான். ஆனால் ஓர் அங்குலத்துக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று யோசியுங்கள். இன்னொரு விஷயம், வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பெரிய டயர், உயரமெல்லாம் எஃப்சிக்குப் போகும்போது கேள்வியாகும், அதையும் மனதில் வையுங்கள்.

கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை வெளியேயோ உள்ளேயோ சாய்வது, உங்கள் வண்டியில் திருத்துவதற்கான பொருளே அல்ல. ஒரே இரும்பு ஹவுசிங், அதில் செய்து கொடுத்த சாய்வு அப்படியே நிற்கும். பழைய வில்லிஸ் கணக்கு ஒன்றரை டிகிரி வெளிப்பக்கம். 15 அங்குல ரிம்மின் மேலும் கீழும் தொடும்படி தூக்குக்குண்டு நூல் விட்டால், மேலே தொடும்போது கீழே 10 மி.மீ. இடைவெளி வரும். இதற்கு வெகுதூரம் விலகியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது ஹவுசிங் வளைந்திருக்கிறது. ரிம் வளைந்திருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டோ. எல்லாரும் முதலில் செய்வதை நான் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் கேஸ்டரை மாற்றினால் டோவும் கொஞ்சம் மாறும். நம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் டோவை நூல் கணக்கில்தான் சொல்வார்கள். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், 3 மி.மீ.க்குச் சற்று மேல். வில்லிஸ் கையேட்டின் டோ-இன் 3/64லிருந்து 3/32 அங்குலம், அதாவது முக்கால் நூலுக்கு மேல் போகாது. உங்கள் எம்எம் 540க்கு உரிய கையேடு கிடைத்தால் அதிலுள்ளதை வையுங்கள். எதற்காக உள்ளே சாய்த்து வைக்கிறார்கள் என்றால், பின்சக்கரம் தள்ளும் வண்டியில் ஓடும்போது தரை முன்சக்கரங்களைப் பின்னால் தள்ளி லேசாக வெளிப்பக்கம் விரிக்கும். நின்றிருக்கும்போது கொஞ்சம் உள்ளே வைத்தால் ஓடும்போது நேராகும்.

அளக்கும் முறை இது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டயர் நடுவில் ஆணியை அசையாமல் பிடித்து ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். டயர் வார்ப்பில் இருக்கும் கோணல் இந்தக் கோட்டில் வராது. இரண்டு டயருக்கும் கீறி, இறக்கி, வண்டியைக் கையால் முன்னோக்கி இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பின்னோக்கித் தள்ளினால் அளவு மாறும். இப்போது டயரின் முன்பக்கம், அச்சு உயரத்தில், கோட்டின்மேல் தூக்குக்குண்டு நூலை வைத்துத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அதே டயரின் பின்பக்கமும் அச்சு உயரத்தில் ஒரு புள்ளி. அடுத்த டயருக்கும் இரண்டு. மொத்தம் நாலு புள்ளி. வண்டியை நகர்த்திவிட்டு, முன் புள்ளிகளுக்கு இடையே டேப் பிடியுங்கள், பின் புள்ளிகளுக்கு இடையேயும் பிடியுங்கள். முன் அளவு எவ்வளவு குறைவோ அதுதான் டோ-இன். இன்ஜினும் ஹவுசிங்கும் குறுக்கே இருப்பதால் டேப் போகாதே என்ற தொல்லையே இதில் இல்லை.

கடையில் கேட்கும்போது மி.மீ. கணக்கா டிகிரி கணக்கா என்று தெளிவுபடுத்துங்கள். உங்கள் டயரின் வெளி விட்டத்தில், 787 மி.மீ.யில், 3 மி.மீ. என்பது 0.22 டிகிரி. அதே 3 மி.மீ.யை 15 அங்குல ரிம்மின் விளிம்பில் அளந்தால் 0.45 டிகிரி. ஒரே எண், இரண்டு மடங்கு கோணம். வெளி ஓரம் தேய்வதற்கு இப்படி ஒரு குழப்பமும் காரணமாகியிருக்கலாம். இரண்டு நூல் டோ-இன் தவறாக வைத்துவிட்டால், கணக்குப்படி ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு 4 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது. வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். போய்ச் சேருவதற்குள் டயரை அரை கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் வைத்துத் துருவியிருப்பீர்கள், தேங்காய் மாதிரி.

திருத்துவது எளிது. டை ராட்டின் இரு முனைக் கிளாம்பையும் தளர்த்திக் குழாயைத் திருப்ப வேண்டும். டை ராட் ஹவுசிங்குக்குப் பின்னால் இருந்தால் நீட்டும்போது டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் நீட்டும்போது குறையும். கால் சுற்று திருப்பி, வண்டியை முன்னே தள்ளி, மறுபடி அளந்து, பொறுமையாகப் போங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். வண்டியை உயர்த்தியதால் டிராக் லிங்க் சாய்ந்து, பாக்ஸை ஒரு பக்கம் திருப்பியிருக்கும். இதற்காக ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடாதீர்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் நடுவில்தான் ஆட்டம் குறைவாக இருக்கும்படி செய்யப்பட்டது, ஓரத்துக்குப் போகப் போகத் தளரும். வீலைக் கழற்றி மாட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் நேரே ஓடும்போதெல்லாம் பாக்ஸ் தளர்ந்த இடத்திலேயே வேலை செய்யும். மறுபடி அலைச்சல். டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, லிங்க்கை மாட்டி அதன் நீளத்தைத் திருத்திச் சக்கரத்தை நேராக்குங்கள். கூடவே இரு கோடியிலும் பெரிய டயர் பட்டையிலோ சேசிஸிலோ உரசுகிறதா என்று பார்த்து நிறுத்தும் போல்ட்டை வையுங்கள்.

சிலர் ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக்) போடச் சொல்வார்கள். குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுக்கப் படபடவென்று உதறி, வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிற ஷிம்மி உங்களுக்கு இல்லை. இருந்தாலும் டேம்பர் அதை மறைக்குமே தவிர, காரணமான ஆட்டத்தைத் தீர்க்காது. ஆறு மாதம் கழித்து டேம்பரும் தேய்ந்து, ஆட்டமும் வளர்ந்து, இரண்டும் சேர்ந்து வரும்.

மச்சானின் 2014 தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) வகை என்றால் அதற்கு இதில் பாதி பொருந்தாது. சிஆர்டிஇ தாரின் முன்பக்கம் ஒற்றை ஹவுசிங் பட்டை அல்ல, இடமும் வலமும் தனித்தனி ஆர்ம், ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. அந்தப் பாரை முறுக்கி உயர்த்தியிருந்தால் ஆர்ம்கள் கீழே தொங்கி, கேம்பரும் டோவும் இரண்டுமே மாறிவிடும். அவருக்கு ஆப்பும் வேண்டாம், தூக்குக்குண்டும் போதாது. உயரத்தை முதலில் முடிவுசெய்து, இரு பக்கமும் சமமாக வைத்து, அப்புறம் கேம்பர், கேஸ்டர், டோ மூன்றையும் அளக்கும் நல்ல இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். பாரை ஒரு சுற்று முறுக்கினாலும் மறுபடி அலைன்மெண்ட்தான். அதிகம் முறுக்கினால் ஆக்சில் ரப்பர் பூட் கிழியும்.

உங்கள் வேலை முடிந்ததும், பள்ளிகொண்டா தாண்டி நேரான நெடுஞ்சாலையில் காலையில் போக்குவரத்து குறைந்த நேரமாகப் பார்த்து ஓட்டிப் பாருங்கள். வண்டி மெல்ல இடப்பக்கம் சரிந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் வடிய ரோட்டின் ஓரத்தைச் சரிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். நடுத்தடத்தில் ஓட்டிப் பார்த்தும் சரிந்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். சரிவும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மலைக்கு ஒரு தடவை ஏறி இறங்கி வந்ததும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புது ஆப்போ புதுப் பட்டையோ முதல் பயணத்தில் உட்காரும், நட்டு நிச்சயம் கால் சுற்றாவது கேட்கும்.